வளர்ப்புப் பாம்பை எத்தனை தரம், எவ்வளவு நேரம் கையில் எடுக்கலாம்?

தரம் 8 விஞ்ஞான பாடத்தில் முள்ளந்தண்டுள்ள விலங்குகளைப் படிப்பிக்கும்போது ஊர்வன வந்தவுடன் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். முன்பெல்லாம் பிள்ளைகள் கேட்பது, "சேர், பாம்பு பால் குடிக்குமா?", "கொம்பேறி மூக்கன் மரத்தில ஏறி நின்று பார்க்குமா?" போன்றவைதான். இப்போது கேள்வி மாறிவிட்டது. "சேர், வளர்க்கிற பாம்பை ஒரு நாளைக்கு எத்தனை தரம் தூக்கலாம்? கழுத்தில போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்கலாம்?" என்கிறார்கள். யூடியூப்பிலும் டிக்டொக்கிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பதை இவர்கள் பார்க்கிறார்கள். லண்டனில் இருக்கும் மாமாவின் மகன் ஒன்று வளர்க்கிறான் என்று சொல்லும் பிள்ளையும் இருக்கிறது.

இந்தக் கேள்வியை அதட்டி அடக்கிவிடுவது சுலபம். ஆனால் "சும்மா இரு, பாம்பைப் பற்றிப் பேசாதே" என்று சொல்லி அனுப்பப்படும் பிள்ளை பதிலைக் கைப்பேசியில் தேடிக்கொள்ளும். அங்கே கிடைக்கும் பதில் வேறு நாட்டுப் பாம்புக்குரியது. அதை நமது வயல் வரம்பில் கிடக்கும் பாம்புக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதே எனது கவலை. ஆகவே கேள்விக்குரிய பதிலை முழுமையாகச் சொல்லிவிட்டு, பிறகு நமது பக்கத்துக்கு வருகிறேன். பாம்பு வளர்ப்பது ஆகுமா என்ற மார்க்கத் தீர்ப்பை விரும்புவோர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். நான் எழுதுவது விஞ்ஞானம்.

காணொளிகளில் அதிகம் தென்படும் பாம்பு "போல் பைதன்" எனப்படும் சிறிய வகை மலைப்பாம்பு. மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் புல்வெளிகள்தான் அதன் தாயகம். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து பெருந்தொகையாக ஏற்றுமதியாகிறது. வளர்ந்த பாம்பு மூன்றடி முதல் ஐந்தடி வரை இருக்கும். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். பெனின் நாட்டின் உய்தா நகரில் இந்தப் பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அவற்றைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். விஷம் இல்லை, உருவம் சிறிது, கடிப்பது குறைவு என்பதால் வளர்ப்பவர்களிடம் இதற்கு நல்ல மவுசு.

இந்தப் பாம்பைப் பொறுத்தவரை அனுபவமுள்ளவர்கள் கடைப்பிடிக்கும் அளவு, கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று தரம், ஒரு தரத்துக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம். நன்றாகப் பழகிய பெரிய பாம்பென்றால் அரை மணித்தியாலம் வரை போகலாம். குட்டியென்றால் ஐந்து நிமிடமே போதும். புதிதாக வாங்கி வந்த பாம்பை முதல் ஒன்றிரண்டு கிழமைக்குத் தொடவே கூடாது. அது தானாக இரை எடுக்கத் தொடங்கி, இரண்டு மூன்று தரம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகுதான் கையில் எடுக்க வேண்டும்.

இலக்கத்தை மட்டும் மனனம் செய்தால் பயனில்லை. ஏன் இந்த அளவு என்பதில்தான் பாடம் இருக்கிறது.

முதலாவது காரணம் வயிறு. பாம்பு இரையை மென்று தின்பதில்லை, முழுதாக விழுங்குகிறது. ஓர் எலியை விழுங்கிய பாம்பின் உடலுக்குள் நடப்பது நாம் சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்து போவது போன்றதன்று. பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்தவர்கள், பெரிய இரை எடுத்து இரண்டு நாட்களுக்குள் அவற்றின் இதயத் தசை ஏறக்குறைய 40 வீதம் பெருத்துவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். குடலும் பருக்கிறது. சமிபாடு முடிந்தபின் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. உடலே ஒரு தொழிற்சாலையாக மாறி இயங்கும் அந்த நேரத்தில் தூக்கி அசைத்தால், பாம்பு பயந்து இரையைக் கக்கிவிடும். கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து வருவதால் தொண்டை புண்ணாகிறது. அதன்பின் பல நாட்கள் அது சாப்பிட முடியாமல் கிடக்கும். இதனால்தான் இரை கொடுத்தபின் குறைந்தது 48 மணித்தியாலம் தொடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. வயிற்றில் வீக்கம் இன்னும் தெரிந்தால் அது மறையும் வரை பொறுக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சூடு. மனிதனைப் போல் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் பாம்புக்கு இல்லை. வளர்ப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தை 31, 32 பாகை செல்சியஸ் அளவிலும் மறுபக்கத்தைச் சற்றுக் குளிராகவும் வைப்பார்கள். பாம்பு தனக்குத் தேவையான இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். குளிர்நாட்டு வீட்டில், 20 பாகை அறையில், ஒரு மணித்தியாலம் தோளில் கிடக்கும் பாம்பு சூடு இழக்கிறது. சூடு குறைந்தால் சமிபாடும் நோய் எதிர்ப்பும் மந்தமாகும். காணொளியில் அமைதியாகக் கிடப்பது போலத் தெரியும் பாம்பு வெறுமனே குளிரில் சோர்ந்து கிடக்கவும் கூடும்.

மூன்றாவது, தோல். பாம்பு செட்டை கழற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன் கண்கள் நீலம் கலந்த பால் நிறமாகிவிடும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையில் ஒரு திரவம் சேர்வதால் அப்படி. அந்த நாட்களில் அதற்குப் பார்வை மங்கல், தோலும் மென்மையாக இருக்கும். பார்வை மங்கிய பிராணி எதையும் எதிரியாகவே எண்ணும். கண் நீலமானது முதல் செட்டை முழுதாகக் கழன்று முடியும் வரை கையை வைக்காமல் இருப்பதே முறை. இடையில் கண் தெளிந்துவிடும். ஆனால் செட்டை இன்னும் கழன்றிருக்காது. அனுபவமில்லாதவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள்.

இவற்றோடு, முட்டைக்கு இருக்கும் தாய், முட்டையைச் சுற்றிக் கிடக்கும் தாய், நோயுற்ற பாம்பு, இரை எடுக்க மறுக்கும் பாம்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போல் பைதன் சில வேளை மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். அப்படிக் கிடக்கும்போது தூக்குவதை நிறுத்துவதுதான் முதல் மருந்து.

வகுப்பில் இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டேன். வெள்ளிக்கிழமை இரை கொடுத்தால் சனியும் ஞாயிறும் தொடக்கூடாது. மிஞ்சுவது திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்கள். அதில் இரண்டு நாள், நாளுக்கு 15 நிமிடம். கிழமைக்கு அரை மணித்தியாலம், மாதத்துக்கு இரண்டு மணித்தியாலம். 30 நாள் மாதத்தில் 720 மணித்தியாலம் இருக்கிறது. மிகுதி 718 மணித்தியாலமும் பாம்பு தனியாக இருட்டில் கிடக்க வேண்டும். "அப்ப ஏன் சேர் வளர்க்கிறாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. பாம்பு பெரும்பாலும் பார்த்து இரசிப்பதற்குரிய பிராணி, மீன்தொட்டியைப் போல. தடவிக் கொஞ்சப் பூனை இருக்கிறது.

பாம்புக்கு அன்பு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. எஜமானைக் கண்டால் நாய் வாலாட்டும், பூனை காலில் உரசும். பாம்பிடம் அந்தப் பழக்கம் இல்லை. தன் குட்டியையே வளர்க்காத இனம் அது. தாய் முட்டையை இரண்டு மாதமளவில் சுற்றிக் காக்கும். குட்டி வெளியே வந்தவுடன் தன் வழியே போய்விடும். அடிக்கடி அளவோடு கையில் எடுத்தால் பாம்பு கற்றுக்கொள்வது ஒன்றுதான். இந்தச் சூடான பெரிய உருவம் என்னைத் தின்னவில்லை, நானும் இதைத் தின்ன முடியாது, ஆகவே ஓடத் தேவையில்லை. இதற்குப் பெயர் பழக்கப்படுதல். தோளில் சுருண்டு கிடப்பதைப் பாசம் என்று எண்ணுவது நமது கற்பனை. அதற்குத் தேவை சூடும் பிடிமானமும்.

எடுக்கும் விதத்துக்கும் ஒழுங்கு இருக்கிறது. முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். எலி, கோழி வாடை கையில் இருந்தால் பாம்பு அதை இரை என்று எண்ணும். போல் பைதனின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் உண்டு. இருட்டில் நெருங்கும் சூடான கை அதற்கு எலி போலவே தெரியும். ஆகவே ஒரு கொக்கியாலோ சுருட்டிய கடதாசியாலோ உடலை மெதுவாகத் தொட்டு, "இது சாப்பாட்டு நேரமில்லை" என்று அறிவிப்பார்கள். மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது. பருந்து வருவது மேலிருந்துதான். பக்கவாட்டில் போய், உடலின் நடுப்பகுதியை இரு கைகளாலும் தாங்கி எடுக்க வேண்டும். தலையையோ வாலையோ பிடித்துத் தூக்குவது முள்ளந்தண்டைக் காயப்படுத்தும். இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. அது கைவிரல்களுக்கிடையே தானே ஊர்ந்து போக விட வேண்டும். கழுத்தில் போடுவது எந்தச் சுற்றுப் பாம்புக்கும் நல்ல பழக்கமில்லை. ஆறடிக்கு மேற்பட்ட பாம்பென்றால் பக்கத்தில் இன்னொரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பதினைந்து நிமிடம் என்றால் மணிக்கூட்டைப் பார்த்து முடிக்கும் காரியம் என்றில்லை. சீறுதல், கழுத்தை எஸ் எழுத்துப் போல வளைத்துப் பின்னிழுத்தல், பந்தாகச் சுருளுதல், வெடுக்கென்று அசைதல், மலம் கழித்தல் ஆகியவை "என்னை விடு" என்பதற்கான அடையாளங்கள். இரண்டாவது நிமிடத்தில் தெரிந்தாலும் அப்போதே திரும்ப வைத்துவிட வேண்டும். கடித்தால் இழுக்கக் கூடாது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் தோல் கிழியும்.

பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய ஒன்று, ஊர்வனவற்றின் தோலிலும் மலத்திலும் இருக்கக்கூடிய சால்மொனெல்லா பற்றீரியா. பாம்புக்கு அதனால் எந்த நோயும் தெரியாது. மனிதனுக்கோ வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஊர்வனவற்றைத் தொடவே கூடாது என்பது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் அறிவுரை. முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் இதே அவதானம் தேவை. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சமையலறைத் தொட்டியில் பாம்பின் தண்ணீர்க் கோப்பையைக் கழுவும் வீடுகளும் இருக்கின்றன.

வளர்ப்புப் பாம்பு நீண்ட காலப் பொறுப்பு என்பதையும் காணொளிகள் சொல்வதில்லை. போல் பைதன் சாதாரணமாக 20, 30 வருடம் வாழும். அமெரிக்காவின் சென் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961 இல் வந்த ஒரு பெண் பாம்பு, 2020 ஜூலையில், குறைந்தது 62 வயதில், ஏழு முட்டை இட்டது. அதுவும் பல வருடங்களாக ஆண் பாம்பின் தொடர்பே இல்லாமல். பத்து வயதில் வாங்கிய பிள்ளை திருமணம் முடித்துப் பேரன் காணும் வரை அந்தப் பாம்பு இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இந்த அளவு எல்லாப் பாம்புக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் "கோர்ன் ஸ்னேக்" சுறுசுறுப்பானது, கையாளுவதைக் கொஞ்சம் அதிகம் பொறுக்கும். நியூகினியாவின் பச்சை மர மலைப்பாம்போ கிளையைச் சுற்றிக் கிடக்கப் பிறந்தது. கிளையிலிருந்து பிரித்தெடுத்தாலே வால் காயப்படும். அதைத் தொடாமல் பார்ப்பதே மேல். விஷப் பாம்புக்கு எத்தனை தரம், எவ்வளவு நேரம் என்று கேட்டால், இரண்டுக்கும் விடை பூச்சியம்.

பூச்சியம் என்பதை நிபுணர்களும் மீற முடியாது. கார்ல் ஷ்மிட் என்பவர் சிக்காகோவின் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் பணியாற்றிய பெயர்பெற்ற ஊர்வன ஆய்வாளர். 1957 இல், இனங்காண்பதற்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறிய ஆபிரிக்கப் பாம்பைக் கையில் எடுத்தபோது அது பெருவிரலில் கடித்தது. பெரிய ஆபத்தில்லை என்று எண்ணி, தன் உடலில் தோன்றும் அறிகுறிகளைக் குறித்துக்கொண்டு இருந்தார். மறுநாள் இறந்துபோனார். ஜோ ஸ்லொவின்ஸ்கி மியன்மாரில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். 2001 செப்டெம்பரில் ஒரு பைக்குள் கை விட்டார். உள்ளே இருப்பது விஷமற்ற பாம்பு என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பை அது. இருந்தது கட்டுவிரியன் குட்டி. மூச்சுத் தசைகள் செயலிழந்து மறுநாள் உயிர் பிரிந்தது. இருவருமே பாம்பைப் படித்தவர்கள்.

இனி நமது பக்கம். இலங்கையில் மலைப்பாம்பு, அதாவது வெங்கிணாந்தி, வன விலங்குகள் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே "எத்தனை தரம் தூக்கலாம்" என்ற கேள்வி இங்கே சட்டப்படி எழுவதில்லை. ஆனால் என்னை அச்சுறுத்துவது சட்டத்தை விட ஓர் உருவ ஒற்றுமை. வெங்கிணாந்திக் குட்டியும் கண்ணாடி விரியனும் பார்வைக்கு ஒன்று போலிருக்கும். மண்ணிற உடல், கரும் பழுப்புப் புள்ளிகள், தடித்த உருவம், மந்தமான அசைவு. வடக்கில் புடையன் என்பார்களே, அதுதான் கண்ணாடி விரியன். இரண்டும் பயந்தால் பலமாகச் சீறும். காணொளியில் போல் பைதனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வரம்போரத்தில் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியன் "அந்த யூடியூப் பாம்பு" போலவே தெரியும். அறுவடைக் காலத்தில் எலியைத் தேடி வயலுக்கு வருவது இதுதான்.

விரியனின் முதுகில் சங்கிலி போல மூன்று வரிசைப் புள்ளிகள் ஒழுங்காக இருக்கும், மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்றவை, தலையின் வடிவமும் வேறு என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கலாம்தான். நான் வகுப்பில் அதைச் சொல்வதில்லை. அடையாளம் சொல்லிக் கொடுத்தால், அதைச் சரிபார்க்கப் பிள்ளை கிட்டப் போகும். கட்டுவிரியனுக்கும் சுவரில் ஏறும் விஷமற்ற சிறு பாம்புக்கும் உள்ள வேறுபாடும் அப்படித்தான். ஸ்லொவின்ஸ்கி விடயத்தில் மாறிப்போனது ஏறக்குறைய அந்த வேறுபாடே.

நாடளாவிய ஆய்வொன்று 2012-13 காலப் பகுதியில் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடித்ததாகவும், 400 க்கு மேற்பட்டோர் இறந்ததாகவும் மதிப்பிட்டது. நமது வைத்தியசாலைகளில் கிடைக்கும் விஷமுறி மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கென உருவாக்கப்பட்டது. மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் அடிக்கடி கடிக்கும் குழிவிரியனுக்கு அது பயன் தராது. எல்லாக் கடிக்கும் ஊசி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கடித்துவிட்டால் மோதிரம், வளையல், மணிக்கூட்டைக் கழற்றுங்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வையுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், விஷக்கல் வைத்து நேரத்தைப் போக்க வேண்டாம். 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய வாகனம் வரும். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோகத் தேவையில்லை. தூரத்தில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். கட்டுவிரியன் இரவில், தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம். அதிகாலையில் வயிற்று வலி, கண்ணிமை சரிதல் என்றால் தாமதிக்க வேண்டாம்.

கடிக்காத பாம்பு வீட்டுக்குள்ளோ வளவுக்குள்ளோ வந்தால், பிள்ளைகளையும் பூனையையும் அப்புறப்படுத்திவிட்டு, ஒருவர் தூரத்தில் நின்று அது போகும் திசையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைக்கலாம். பிள்ளை போத்தலில் பாம்புக்குட்டி ஒன்றை அடைத்துப் பாடசாலைக்குக் கொண்டுவந்தால், ஆசிரியர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். என்ன பாம்பென்று பார்க்கவும் வேண்டாம். போத்தலை நிழலான இடத்தில், பூட்டிய அறையில் வைத்துவிட்டு அதே இலக்கத்துக்கு அழையுங்கள். பிறகு, அதைப் பிடிக்கும்போது கூட இருந்த மற்றப் பிள்ளைகள் யார் என்று கேட்டு, அவர்களின் கை கால்களைப் பாருங்கள். கடிபட்ட பிள்ளை பயத்தில் வாய் திறக்காமல் இருக்கக் கூடும்.